ஷெல்பி கிடங்குக் கூரை, 1955: ஸ்டிரப் இல்லாத உத்தரம் உண்மையில் எவ்வளவு வெட்டுவிசையைத் தாங்கும்?

1955 ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஷெல்பி என்னும் ஊரிலிருந்த வில்கின்ஸ் விமானப்படைக் கிடங்கில் ஏறத்தாழ 370 சதுர மீட்டர் கூரை இடிந்து விழுந்தது. கோடைக்காலம் என்பதால் கூரைமேல் பனி இல்லை. குறிப்பிடத்தக்க வேறு சுமையும் இல்லை. கூரையும் அதைத் தாங்கிய கான்கிரீட் உத்தரங்களும் தம் சொந்த எடையை மட்டுமே சுமந்துகொண்டிருந்த நிலையில் இது நடந்தது. உடைந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய வெட்டுத்தகைவை, அதாவது உத்தரத்தைக் குறுக்கே வெட்டி நழுவச் செய்யும் வெட்டுவிசை ஓர் அலகுப் பரப்பில் விழும் அளவைக், கணக்கிட்டபோது அது 0.5 மெகாபாஸ்கல் என்ற அளவிலேயே வந்தது. அன்றைய ஏ.சி.ஐ. (அமெரிக்கக் கான்கிரீட் கழகம்) விதிநூல் அந்தத் தரக் கான்கிரீட்டுக்கு, ஸ்டிரப் (உத்தரத்தின் நீளக் கம்பிகளைச் சுற்றிச் செங்குத்தாக வைக்கப்படும் வளையக் கம்பி) எதுவும் இல்லாமலேயே, அன்றாடப் பயன்பாட்டில் அனுமதித்த தகைவு 0.62 மெகாபாஸ்கல்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிகழ்வின் கடுமை புரியும். அனுமதிக்கப்பட்ட தகைவு என்பது உடையும் தகைவைப் பாதுகாப்புக் காரணியால் வகுத்துப் பெறப்படுவது. உடையும் தகைவு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்பதே வடிவமைப்பாளர்களின் நம்பிக்கை. ஷெல்பி உத்தரமோ அனுமதிக்கப்பட்ட அளவை எட்டுமுன்பே, அதில் ஐந்தில் நான்கு பங்கிலேயே உடைந்துவிட்டது. கணக்கில் யாரோ தவறு செய்ததால் நேர்ந்த விபத்தாக இருந்திருந்தால் அது அந்தக் கட்டடத்தோடு முடிந்திருக்கும். இங்கே கணக்கு விதிநூலின்படி சரியாகவே இருந்தது என்பதால், அதே விதிநூலின்படி கட்டப்பட்ட எல்லாக் கட்டடங்களின்மீதும் ஐயம் விழுந்தது. அடுத்த ஆண்டே, 1956இல், ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்த கிடங்கிலும் இதே வகையான இடிவு நேர்ந்தது.

கட்டடமும் உடைந்த இடமும்

கிடங்கு 122 மீட்டர் அகலமும் 610 மீட்டர் நீளமும் கொண்டது. அகலவாக்கில் ஆறு கண்களைக் கொண்ட தொடர்ச்சியான கான்கிரீட் சட்டகங்கள், ஒவ்வொரு கண்ணும், அதாவது தூணுக்குத் தூண், ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியுடன், கூரையைத் தாங்கின. சட்டகத்தின் உத்தரங்கள் மேல்முகத்திலிருந்து கீழ்முகம்வரை 914 மி.மீ. ஆழம் கொண்டவை. கான்கிரீட்டின் அமுக்கவலிமை ஏறத்தாழ 20 மெகாபாஸ்கல். உத்தரத்தின் நீளத்தில் ஓடும் நீளவாட்டக் கம்பி, வெட்டுமுகப் பரப்பில் 0.45 விழுக்காடு. உடைந்த பகுதியில் ஸ்டிரப் இல்லை.

உடைப்பு நேர்ந்த இடம் கவனத்துக்குரியது. தூணுக்கு அருகே தொடர் உத்தரத்தின் மேல்முகம் இழுவிசைக்கு உள்ளாகிறது. அதற்காக மேல்முகத்தில் கம்பி வைக்கப்படுகிறது. தூணிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வளைவுத் திருப்புத்திறன் (உத்தரத்தை வளைக்கும் விளைவு) குறைந்து, ஓரிடத்தில் சுழியாகி, அதற்கப்பால் கீழ்முகம் இழுவிசைக்கு உள்ளாகிறது. மேல்முகக் கம்பி இனித் தேவையில்லை என்று வளைவுக் கணக்கு சொல்லும் இடத்துக்குச் சற்று அப்பால் அக்கம்பிகளை நிறுத்திவிடுவது வழக்கம். ஷெல்பியில் சாய்விரிசல் ஓடியது, மேல்முகக் கம்பிகள் நிறுத்தப்பட்ட புள்ளியிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி. வளைவுக் கணக்கின் கண்ணுக்கு அது அமைதியான இடம். திருப்புத்திறன் சிறியது, கம்பியின் தேவை குறைவு. ஆனால் திருப்புத்திறன் சுழியாகும் புள்ளி வரைபடத்தில் மட்டுமே அசையாமல் நிற்கிறது. கான்கிரீட் சுருங்கும்போதும், வெப்பநிலை மாறும்போதும், தூண்கள் சற்றுச் சாயும்போதும் அந்தப் புள்ளி இடம்பெயர்கிறது. பெயர்ந்த புள்ளிக்கும் கம்பி நின்ற புள்ளிக்கும் இடையே மேல்முகத்தில் விரிசல் விழுந்தால் அதைக் கடந்து பிடிக்கப் போதிய கம்பி அங்கே இராது. கம்பி நிறுத்தப்படும் இடத்தில் கான்கிரீட்டின் தகைவு திடீரென்று தாவுகிறது என்பதால், விரிசல் அங்கே தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. மேலே தொடங்கிய விரிசல் வெட்டுவிசையின் போக்கில் சாய்ந்து இறங்கினால் அதன் பாதையில் செங்குத்தான கம்பி ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலத்து வடிவமைப்பு முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெட்டுவிசையை உத்தரத்தின் அகலத்தாலும் ஆழத்தாலும் வகுத்து ஒரு சராசரித் தகைவைப் பெறுவார்கள்; அது கான்கிரீட்டின் அமுக்கவலிமையில் 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஸ்டிரப் தேவையில்லை என்பார்கள். நீளவாட்டக் கம்பி எவ்வளவு, உத்தரம் எவ்வளவு ஆழம், நீளவாக்கில் இழுவிசை உண்டா என்ற கேள்விகளுக்கு அந்த வாய்பாட்டில் இடமே இல்லை. இத்தனைக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டால்பட் 1909ஆம் ஆண்டிலேயே தம் சோதனைகளிலிருந்து, வெட்டுவலிமை கான்கிரீட்டின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று, நீளவாட்டக் கம்பியின் அளவையும் உத்தரத்தின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்று தெளிவாகக் காட்டியிருந்தார். அந்த முடிவு விதிநூலுக்குள் வராமல் நாற்பதாண்டுகளுக்கு மேல் வெளியே நின்றதை இந்தத் துறையின் வரலாற்றில் மிக வருந்தத்தக்க புறக்கணிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ஆய்வுக்கூடம் கண்ட விடை

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் எல்ஸ்ட்னரும் ஹொக்னெஸ்டாடும் இந்த உத்தரத்தை மூன்றில் ஒரு பங்கு அளவில், அதாவது ஏறத்தாழ 305 மி.மீ. ஆழத்தில், செய்து சோதித்தார்கள். முடிவுகள் 1957இல் வெளிவந்தன. மாதிரி உத்தரங்கள் ஏறத்தாழ 1.0 மெகாபாஸ்கல் வெட்டுத்தகைவு வரை தாங்கின. உண்மை உத்தரம் உடைந்ததோ அதில் பாதியில். மீதிப் பாதி எங்கே போனது என்று தேடியவர்கள், மாதிரிக்கு நீளவாக்கில் 1.4 மெகாபாஸ்கல் இழுதகைவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுவலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உலர்ந்து சுருங்கும் கான்கிரீட்டையும் குளிரில் குறுகும் கான்கிரீட்டையும் கட்டடத்தின் பிற பகுதிகள் தடுத்துப் பிடித்தபோது எழுந்த இழுவிசையே உத்தரத்தின் வலிமையைப் பறித்தது என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவில் பொருளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 122 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் 25 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் கட்டில்லாத நிலையில் ஏறத்தாழ 30 மி.மீ. குறுக வேண்டும், சுருக்கம் அதற்கு மேல் சேரும். சுருக்கத் திரிபு (நீள மாற்றத்தின் விகிதம்) பத்தாயிரத்தில் மூன்று என்றும் கான்கிரீட்டின் மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 21,000 மெகாபாஸ்கல் என்றும் கொண்டால், முழுமையாகத் தடுக்கப்பட்ட நிலையில் 6 மெகாபாஸ்கல் இழுதகைவு வரும். அதில் கால் பங்குக்கும் குறைவான தடை இருந்தாலே 1.4 எட்டப்படும். கான்கிரீட்டின் நெடுநாள் ஊர்வு (தொடர்ந்த தகைவில் மெல்ல நெகிழ்வது) அதைப் பெரிதும் தளர்த்தும் என்றாலும், அந்த எண் கற்பனையில் பிடித்ததன்று. நீளவாக்கில் உள்ள இழுவிசை வெட்டுவலிமையைக் குறைக்கும் என்ற பாடம் பின்னர் ஏ.சி.ஐ. விதிநூலில் தனி வாய்பாடாகவே இடம்பெற்றது.

ஆனால் சோதனையில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்த உத்தரம் எந்தத் தகைவில் உடைகிறதோ அதே தகைவில்தான் முழு அளவு உத்தரமும் உடையும் என்று எடுத்துக்கொண்டால்தான், காணாமற்போன பாதிக்கு வேறொரு காரணத்தைத் தேட வேண்டிய தேவை எழுகிறது. வளைவுக்கு அந்த அனுமானம் பொருந்தும்; கம்பி விளையும் (மீளாமல் நீளத் தொடங்கும்) தகைவு உத்தரத்தின் அளவைப் பார்த்து மாறுவதில்லை. வெட்டுவிசைக்கு அது பொருந்துவதில்லை.

ஆழம் கூடும்போது என்ன நடக்கிறது

விரிசல் விழாத கான்கிரீட்டில் வெட்டுவிசை எப்படிப் பாய்கிறது என்பது எளிது. விரிசல் விழுந்த பிறகுதான் கேள்வி கடினமாகிறது. ஸ்டிரப் இல்லாத உத்தரத்தில் விரிசலைக் கடந்து வெட்டுவிசை செல்ல மூன்று வழிகள் உண்டு. விரிசல் எட்டாத அமுக்கப் பகுதியின் கான்கிரீட் ஒரு பங்கைத் தாங்கும். விரிசலைக் குறுக்கே கடக்கும் நீளவாட்டக் கம்பி ஆணிபோல் நின்று இன்னொரு பங்கைத் தாங்கும். கம்பியைக் கீழிருந்து மூடியிருக்கும் கீழ்மூடிக் கான்கிரீட் நீளவாக்கில் பிளந்துகொள்ளும்வரை மட்டுமே இது நீடிக்கும் என்பதால் இப்பங்கு சிறியது. மூன்றாவதாக, விரிசலின் இரு முகங்களும் சொரசொரப்பானவை. ஒரு முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜல்லி எதிர்முகத்தின் பள்ளத்தில் ரம்பப் பற்களைப்போல் பொருந்தி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கிறது. மெலிதாகக் கம்பியிட்ட உத்தரத்தில் இந்த மூன்றாவது வழியே பெரும்பங்கைச் சுமக்கிறது.

ஜல்லிப் பிணைப்பு நிலைக்க விரிசல் குறுகியதாக இருக்க வேண்டும். பற்களின் உயரத்தை ஒப்பிட விரிசல் அகலமாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். விரிசலின் அகலம் எதைப் பொறுத்தது? கம்பியின் திரிபை, அடுத்தடுத்த விரிசல்களுக்கு இடையேயான தூரத்தால் பெருக்கினால் அகலம் கிடைக்கும். கம்பிக்கு அருகில் விரிசல்கள் நெருக்கமாக விழுகின்றன. ஆனால் அவற்றில் பல மேலே ஏறாமல் நின்றுவிட, உத்தரத்தின் நடு ஆழத்தை எட்டும் விரிசல்கள் சில மட்டுமே. நடு ஆழத்தில் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ உத்தரத்தின் ஆழத்தைப்போலவே இருக்கிறது. கம்பியின் சராசரித் திரிபு பத்தாயிரத்தில் ஐந்து என்று வைத்துக்கொண்டால், 300 மி.மீ. இடைவெளியில் விழும் விரிசலின் அகலம் 0.15 மி.மீ.; 900 மி.மீ. இடைவெளியில் விழுந்தால் 0.45 மி.மீ. தகைவும் அதே, திரிபும் அதே, கான்கிரீட்டும் அதே. ஆனால் ஆழமான உத்தரத்தின் விரிசல் மூன்று மடங்கு அகலம். ஜல்லியோ மூன்று மடங்கு பெரிதாவதில்லை.

இங்கேதான் நீளவாட்டக் கம்பியின் அளவும் உள்ளே வருகிறது. கம்பி குறைந்தால் அதே சுமைக்குத் திரிபு கூடுகிறது, விரிசல் அகலமாகிறது, வெட்டுவலிமை சரிகிறது. நீளவாக்கில் இழுவிசை இருந்தாலும் இதே வழியில்தான் வலிமை குறைகிறது. ஷெல்பி உத்தரத்தில் ஆழம், குறைந்த கம்பி, இழுவிசை, கம்பி நிறுத்தம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. நான்கும் விரிசலை அகலப்படுத்துபவை.

ஜப்பானில் ஷியோயாவும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட சோதனைகள் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின. 100 மி.மீ. ஆழத்திலிருந்து 3 மீட்டர் ஆழம்வரை, ஸ்டிரப் இல்லாமலும் மெலிதான நீளவாட்டக் கம்பியோடும் உத்தரங்களைச் செய்து, சீரான சுமையேற்றி உடைத்தார்கள். மிகப் பெரிய உத்தரம் உடைந்த சராசரி வெட்டுத்தகைவு, மிகச் சிறியது உடைந்த தகைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பின்னர் 4 மீட்டர் ஆழமுள்ள தளப் பட்டை (தரைபோல் பரந்த கான்கிரீட் பலகையின் ஒரு கீற்று) ஒன்றையே வார்த்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கும் ஆழத்தைக் கணக்கில் கொள்ளாத வாய்பாடுகள் பாதுகாப்பற்ற விடையையே தந்தன.

ஓர் எண்ணுக்கு இரண்டு விளக்கங்கள்

1999இல் டொரான்டோவின் காலின்ஸும் குச்மாவும் ஷெல்பி நிகழ்வை ஆழத்தின் விளைவாக மறுவாசிப்புச் செய்தார்கள். பழைய விளக்கமும் புதிய விளக்கமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை எண்களாலேயே பார்க்கலாம். உத்தரத்தின் பயனுறு ஆழம் (அமுக்க முகத்திலிருந்து இழுவிசைக் கம்பியின் மையம்வரை) 850 மி.மீ., அகலம் 300 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன், பாதுகாப்புக் காரணிகள் எதையும் சேர்க்கவில்லை.

1963க்குப் பிறகு ஏ.சி.ஐ. நெடுங்காலம் பயன்படுத்திய எளிய வாய்பாடு, அமுக்கவலிமையின் வர்க்கமூலத்தை 0.17ஆல் பெருக்கச் சொல்கிறது, விடை 0.77 மெகாபாஸ்கல். உண்மையில் உடைந்த 0.5ஐவிட இது ஒன்றரை மடங்கு. இதோடு ஏ.சி.ஐ.யின் இழுவிசைத் திருத்தத்தை, 1.4 மெகாபாஸ்கல் இழுதகைவுக்கு, சேர்த்தால் வலிமை நாற்பது விழுக்காடு குறைந்து 0.46க்கு வருகிறது. பழைய விளக்கம் பொருந்துகிறது. இனி இழுவிசையை முற்றிலும் மறந்துவிட்டு, ஆழத்தைக் கணக்கில் கொள்ளும் வாய்பாடுகளை மட்டும் போட்டுப் பார்ப்போம். கனடா விதிநூலின் எளிய முறை 0.53 தருகிறது, ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 2 ஏறத்தாழ 0.56 தருகிறது, ஏ.சி.ஐ.யின் கட்டட விதிநூலான 318இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆழத்தையும் நீளவாட்டக் கம்பியையும் ஒருசேரக் கொண்டுவந்து, மிகவும் எச்சரிக்கையாக 0.33இல் நிற்கிறது. புதிய விளக்கமும் பொருந்துகிறது.

ஆகவே உடைந்த தகைவு என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு எந்த விளக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்தறிய வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: அந்த இழுவிசை எங்கிருந்து வந்திருக்கும்? 1.4 மெகாபாஸ்கல் என்றால், 300க்கு 914 மி.மீ. வெட்டுமுகத்தில் ஏறத்தாழ 380 கிலோநியூட்டன். உத்தரத்தின் வெட்டுவிசையே 130 கிலோநியூட்டனுக்கு உட்பட்டது. அதைப்போல் மூன்று மடங்கு விசையை நீளவாக்கில் எதிர்த்துப் பிடிக்க, ஒல்லியான கிடங்குத் தூண்களால் இயலுமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. ஆழத்தின் விளைவை ஏற்றுக்கொண்டுவிட்டால் தேவைப்படும் இழுவிசை வெகுவாகக் குறைகிறது: 0.53இலிருந்தோ 0.56இலிருந்தோ 0.5க்கு இறங்க 0.2 முதல் 0.4 மெகாபாஸ்கல் இழுதகைவு போதும். விசையாகச் சொன்னால் 55 முதல் 110 கிலோநியூட்டன். சுருக்கமும் குளிரும் உராய்வும் சேர்ந்து அவ்வளவைத் தருவது எந்தப் பெரிய சட்டகத்திலும் நடக்கக்கூடியது. என் கணிப்பில் ஷெல்பியின் பெரும்பங்குக் காரணம் ஆழமே. இழுவிசை எஞ்சிய சிறு பங்கைத் தின்று, கம்பி நிறுத்தப்பட்ட இடம் விரிசலுக்கு முகவரி கொடுத்தது. பழைய விளக்கத்தின் கேடு அது பொய் என்பதால் வந்ததன்று. இழுவிசை இல்லாத இடத்தில் ஆபத்தில்லை என்று அது நினைக்க வைத்தது. ஆழமான தளங்களையும் அடித்தளங்களையும் ஸ்டிரப் இல்லாமலேயே கட்டும் வழக்கத்துக்கு அந்த நினைப்பு பல பத்தாண்டுகள் காவலாக நின்றது.

குறைந்தபட்ச ஸ்டிரப் இருந்திருந்தால்

அமெரிக்க விதிநூல் எதிர்வினை ஆற்றாமல் இல்லை. ஏ.சி.ஐ.யும் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து அமைத்த 326ஆம் குழு 1962இல் அறிக்கை தந்தது. நீளவாட்டக் கம்பியையும் திருப்புத்திறனையும் உள்ளடக்கிய புதிய வாய்பாடு 1963 பதிப்பில் வந்தது. அதற்கு அடிப்படையான சோதனை உத்தரங்கள் பெரும்பாலும் சிறியவை என்பதால் ஆழத்தின் குரல் அதில் கேட்கவில்லை. 1971 பதிப்பில்தான் மிக முக்கியமான விதி வந்தது: கான்கிரீட்டின் வெட்டுவலிமையில் பாதியைத் தாண்டி வெட்டுவிசை வரும் உத்தரங்களில் எல்லாம் குறைந்தபட்ச ஸ்டிரப் வைத்தே ஆக வேண்டும்.

இந்த விதியை ஷெல்பி உத்தரத்துக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. 280 மெகாபாஸ்கல் விளைவுத் தகைவுள்ள கம்பி என்று கொண்டால், 10 மி.மீ. விட்டமுள்ள இருகால் ஸ்டிரப்பை 400 மி.மீ. இடைவெளியில் வைத்தால் குறைந்தபட்சம் நிறைவேறிவிடும். ஓர் ஸ்டிரப்புக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் கம்பி வேண்டும். உத்தரத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு கிலோவுக்கும் குறைவான எஃகு. அதே ஒரு மீட்டர் உத்தரத்தின் கான்கிரீட் எடை 650 கிலோவுக்கு மேல். கனடா விதிநூலின்படி கணக்கிட்டால் இந்த நான்கு கிலோ எஃகு வெட்டுவலிமையை 0.53இலிருந்து ஏறத்தாழ 1.2 மெகாபாஸ்கலாக உயர்த்துகிறது. இதில் ஸ்டிரப் தானே நேரடியாகத் தாங்குவது 0.47 மட்டுமே. எஞ்சியது, ஸ்டிரப் இருப்பதால் கான்கிரீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும் வலிமை: செங்குத்துக் கம்பிகள் விரிசல்களை நெருக்கமாக விழவைக்கின்றன, அகலமாகாமல் பிடிக்கின்றன, நீளவாட்டக் கம்பி கீழ்மூடியைப் பிளந்துகொண்டு வெளியேறாமல் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆழத்தின் விளைவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எண்ணிக்கையில் அடங்காத இன்னொரு பயனும் உண்டு. ஸ்டிரப் இல்லாத உத்தரம் சாய்விரிசல் தோன்றிய கணத்திலேயே முறியக்கூடும். ஸ்டிரப் உள்ள உத்தரத்தில் விரிசல் தெரிந்த பின்னும் சுமையேறும். பார்ப்பவர்களுக்கு முட்டுக் கொடுக்கவும் ஆளை வெளியேற்றவும் நேரம் இருக்கும்.

தளங்களுக்குக் கிடைத்த விலக்கு

1971 விதியிலிருந்து தளங்களுக்கும் அடித்தளங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தளம் மெல்லியது, ஆழத்தின் விளைவு அங்கே தலையெடுக்காது, ஒரு பட்டை தளர்ந்தால் பக்கத்துப் பட்டை சுமையை வாங்கிக்கொள்ளும் என்ற எண்ணங்கள் அதன் பின்னால் இருந்தன. 150 அல்லது 200 மி.மீ. தளத்துக்கு இவை நியாயமானவை. ஒரு மீட்டருக்கு மேல் தடித்த தளம் ஒரே திசையில் சுமையைக் கடத்தும்போது, அது பெயரளவில்தான் தளம்; நடத்தையில் மிக அகலமான, ஸ்டிரப் இல்லாத, ஆழமான உத்தரம். அகலம் முழுவதும் ஒரே மாதிரி சுமை இருந்தால் பக்கத்துப் பட்டையும் அதே நிலையில்தான் இருக்கும். வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமிராது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லவால் நகரின் கான்கார்ட் மேம்பாலம் 2006 செப்டம்பர் 30 அன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஆறு பேர் காயமடைந்தார்கள். பாலத்தின் இரு முனைகளிலிருந்தும் தடித்த கான்கிரீட் தளங்கள் நெடுங்கைகளாக (ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு) நீண்டிருக்க, அவற்றின் நுனியில் முன்தகைவுப் பெட்டி உத்தரங்கள் (இழுத்துக் கட்டிய கம்பிகளால் முன்கூட்டியே அமுக்கப்பட்ட, உள்ளீடற்ற உத்தரங்கள்) அமர்ந்திருந்தன. தென்கிழக்கு நெடுங்கைத் தளம் வெட்டுவிசையில் முறிந்தது. பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான ஆணையம் 2007 அக்டோபரில் தந்த அறிக்கை, கம்பி விவர வரைவின் குறை, கட்டும்போது கம்பிகளைத் தவறாக வைத்தது, கான்கிரீட்டின் தரக்குறைவு ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. நுனியிலிருந்து வரும் சுமையை மேல்முகக் கம்பிகளுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டிய தொங்கு ஸ்டிரப்புகள் அந்தக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்காமல், அவற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தன. இரண்டு கம்பித் தொகுதிகளுக்கும் இடையே எந்த எஃகும் குறுக்கிடாத ஒரு கிடைத்தளம் எஞ்சியது. உறைந்தும் உருகியும் சிதைந்த கான்கிரீட்டில் விரிசல் அந்தக் கிடைத்தளத்திலேயே ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. தடித்த தளத்தில் வெட்டுவிசைக்கான கம்பி இல்லாமை, நீர்த்தடுப்புக் குறை, 1992 பழுதுபார்ப்பின்போது நேர்ந்த சேதம் ஆகியவை துணைக்காரணங்களாகக் குறிக்கப்பட்டன. கட்டப்பட்ட காலத்து விதிநூல் அந்தத் தளத்தில் ஸ்டிரப் கேட்கவில்லை. ஷெல்பிக்கும் லவாலுக்கும் இடையே ஐம்பத்தோராண்டுகள். இரண்டிலும் உடைப்பின் குறுக்கே செங்குத்துக் கம்பி இல்லை. இதே அமைப்பில் கட்டப்பட்டிருந்த அருகிலுள்ள டி பிளுவா மேம்பாலத்தை அடுத்த சில வாரங்களுக்குள் இடித்துவிட்டார்கள்.

ஆழத்தின் விளைவு ஏ.சி.ஐ. 318இல் வாய்பாடாக வந்தது 2019இல். அதற்கு முந்தைய கணக்கின்படி கட்டப்பட்ட தடித்த தளங்களும், மேலுள்ள தூண்களின் சுமையை வேறிடத்துக்கு மாற்றும் மாற்றுத் தளங்களும் அடித்தள மேடைகளும் ஏராளமாக இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவை அனைத்தும் ஆபத்தானவை என்று சொல்வதற்கில்லை. பலவற்றில் உண்மைச் சுமை கணக்கிட்ட சுமையைவிடக் குறைவு, கான்கிரீட்டும் வயதோடு வலுத்திருக்கும். ஆனால் பழைய கட்டமைப்பை மறுபரிசீலனை செய்யும் பொறியாளர், 500 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழம், ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான நீளவாட்டக் கம்பி, ஸ்டிரப் இல்லாமை ஆகிய மூன்றும் ஒருசேரக் கண்டால், பழைய வாய்பாட்டின் விடையை ஏற்காமல் புதிய முறையில் மீண்டும் கணக்கிட வேண்டும். கணக்கைத் தூண் முகத்தருகே மட்டும் செய்து நிறுத்திவிடாமல், மேல்முகக் கம்பியும் கீழ்முகக் கம்பியும் நிறுத்தப்பட்ட ஒவ்வோர் இடத்திலும், அங்கே உண்மையில் எஞ்சியிருக்கும் கம்பியைக் கொண்டு, செய்ய வேண்டும். பழைய வரைபடங்களில் அந்த நிறுத்தப் புள்ளிகள் குறிக்கப்பட்டிருந்தாலும், கம்பி கண்டறியும் கருவியால் சில இடங்களிலாவது சரிபார்ப்பது நல்லது. லவாலில் வரைபடத்துக்கும் தளத்துக்குள் இருந்ததற்கும் வேறுபாடு இருந்தது.

குறை உறுதியானால் வலுப்படுத்தும் வழிகள் உண்டு. உத்தரம் என்றால் இரு பக்கமும் செங்குத்து எஃகுத் தண்டுகளை நிறுத்தி, மேலும் கீழும் தகடுகளால் கவ்வி முறுக்கி, வெளியிலிருந்தே ஸ்டிரப்பின் வேலையைச் செய்ய வைக்கலாம். முறுக்கும்போது தண்டில் ஏறும் இழுவிசை விரிசலை உடனே நெருக்குகிறது. தடித்த தளத்தில் பக்கங்கள் கிடைப்பதில்லை என்பதால், மேலிருந்தோ கீழிருந்தோ துளையிட்டு, துளையைத் தூசியறச் சுத்தம் செய்து, பிசின் கலவையில் கம்பியைப் பதிக்க வேண்டியிருக்கிறது. பதிக்கும் கம்பியின் மேல்முனை, மேல்முக நீளவாட்டக் கம்பியின் மட்டத்தைத் தாண்டி நங்கூரம் பெற வேண்டும். அந்த மட்டத்துக்குக் கீழேயே துளையை நிறுத்திவிட்டால், கம்பிக்கும் மேல்முகக் கம்பிக்கும் நடுவே லவாலில் இருந்ததைப் போன்ற எஃகு குறுக்கிடாத கிடைத்தளம் ஒன்று மீண்டும் உருவாகிவிடும். ஆகவே துளையின் ஆழத்தை ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்த பின்னரே பிசினை ஊற்றுவது முறை.